பால் கேனில் போன சாக்கடை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பாலில் தண்ணீர் கிடையாது. குஜ்ரான்வாலாவில் எவன் வேண்டுமானாலும் வரட்டும், எருமையைக் கறக்கும்போதே பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், தன்ஸீல் சீமா மறுபடி பாகிஸ்தான் கிரிக்கெட் டீமுக்குப் போன கதையைக் கேட்க வருகிற ஆட்கள் எல்லோரும் கடைசியில் என் பால் கேனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். தாராளமாகச் சிரிக்கட்டும். கதையை முழுசாகக் கேட்ட பிறகு சிரிக்கட்டும், அவ்வளவுதான்.

எங்கள் சந்தில் ஒரு ரிக்‌ஷாவும் ஒரு சண்டையும் சேர்ந்தாற்போல் நிற்க இடம் இருக்காது. இந்தக் கோடியில் என் பால் தயிர்க் கடை. எதிர்சாரியில் கொஞ்சம் தள்ளி ஷௌகத்தின் முடிவெட்டும் கடை. இரண்டுக்கும் நடுவே, சந்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, சரியாக என் வாசலை உரசி ஒரு திறந்த சாக்கடை ஓடியது. ஊரில் எத்தனையோ வாசல் இருக்க அது என் வாசலைத்தான் தேடி வந்தது. கோடையில் நாற்றம், மழையில் வெள்ளம், எல்லாக் காலத்திலும் ஈ. இதில் ஷௌகத்தின் வாய் வேறு. தன் கடையில் முகத்துக்கு நுரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் எனக்குக் கேட்கும்படி சொல்வான்:

"பர்கத் பாய் பால்ல ஊத்துற தண்ணிக்கு எங்கயும் அலையறதில்ல. வாசல்லயே ஓடுது பாரு."

இப்படிச் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குப் பால் வாங்க அடுத்த தெருவுக்கு நடந்து போவான். எத்தனையோ வருஷமாக என் கடையில் ஒரு குவளை பால் அவன் வாங்கியது கிடையாது. நானும் அவனிடம் முடி வெட்டிக்கொள்வதில்லை. என் மனைவி ஸுபைதா வெட்டிவிடுவாள், கோணலாக.

தன்ஸீல் இந்தச் சந்துப் பையன். பக்கத்து வீட்டு நஸ்ரத்தின் மகன். சின்ன வயதில் ஓர் ஈத் பெருநாள் அன்று, வெள்ளை வெளேரென்று புதுச் சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு ஓடி வந்தவன், சந்தே பார்த்துக்கொண்டிருக்க அந்தச் சாக்கடையில் விழுந்தான். கழுத்து வரை. நான்தான் தூக்கினேன். அன்று அவனை யாரும் கட்டிக்கொண்டு ஈத் வாழ்த்துச் சொல்லவில்லை, பாவம், பெற்ற தாயே தள்ளி நின்றாள். அதற்குப் பிறகு அந்தச் சாக்கடையைக் கண்டால் அவனுக்குப் பாம்பைக் கண்ட மாதிரி. சாதாரணமாக நடந்து வந்தாலும் அதன் முன்னால் ஒரு துள்ளு துள்ளித்தான் தாண்டுவான்.

இந்தத் துள்ளலோடுதான் அவன் பந்து வீசக் கற்றுக்கொண்டான். டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி ஆடுகிற ஆட்டம். ஓடி வருவதற்குச் சந்தில் இடம் போதாது. அதனால் ஷௌகத்தின் கடைக்குள்ளே, சுவரை ஒட்டி நின்று கிளம்புவான். சவரத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். கடையை விட்டு இறங்கி, என் வாசல் வரை புழுதி பறக்க வந்து, சாக்கடை ஓரத்தில் கடைசி அடி, தாண்டி ஒரு துள்ளல், கால் மண்ணில் படும்போது பந்து கையை விட்டுப் போயிருக்கும். எதிர்முனையில் நிற்கிறவன் மட்டையைத் தூக்குவதற்குள் பின்னால் அடுக்கிய செங்கல் சரிந்துவிடும். சாக்கடை நகராது. ஆகையால் அவன் கால் விழுகிற இடமும் நகராது. கோடு தாண்டிவிட்டான், நோபால் என்று அவனை ஒருத்தரும் சொன்னது கிடையாது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். மாவட்டத் தேர்வில் வேகம் அளக்கிற கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்து இரண்டாவது கருவி கொண்டு வந்தார்கள். அதுவும் அதையே சொன்னது. லாகூர் கூப்பிட்டது, அப்புறம் நாடு கூப்பிட்டது. முதல் டெஸ்டிலேயே ஸ்டம்ப் பறந்ததும் ஷௌகத் தன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவனை எல்லாம் நிறுத்திச் சொன்னான்:

"பாகிஸ்தானோட வேகம் எங்கேருந்து கிளம்புதுன்னு தெரியுமா? இதோ, இந்தச் செவத்துலேருந்து."

ஒரு தொடரில் தன்ஸீல் எதிர் அணியைக் கிழித்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பினான். அவனைக் கௌரவிக்க அமைச்சர் ஒருத்தர் எங்கள் சந்துக்கே வந்தார். மாலை, மேளம், ரோஜா இதழ், எல்லாம். மைக்கைப் பிடித்து அமைச்சர் கேட்டார்: "நம்ம சிங்கம் பொறந்த சந்துக்கு என்ன வேணும்? சொல்லுங்க, செஞ்சுடலாம்."

கூட்டத்தில் பள்ளிக்கூடம் என்று ஒருத்தர் ஆரம்பித்தார், விளையாட்டுத் திடல் என்று ஒருத்தர் இழுத்தார். நான் விடுவேனா? நெஞ்சில் இருந்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்: "சாக்கடைய மூடுங்க ஹுசூர்."

மூடினார்கள். என் வாழ்க்கையில் அரசாங்கம் எனக்குச் செய்த ஒரே நல்லது. சந்து முழுக்கச் சிமெண்ட் போட்டு, சாக்கடைமேல் சிலாப் அடுக்கி, 'தன்ஸீல் சீமா சந்து' என்று பளிங்கில் எழுதி என் சுவரிலேயே பதித்தார்கள். அன்று நான் சந்து முழுவதற்கும் பேடா கொடுத்தேன். ஷௌகத்துக்கும் கொடுத்தேன், அவன் மோந்து பார்த்துவிட்டுத் தின்றான்.

அதே சமயத்தில் டீமுக்கு ஒரு வெளிநாட்டுப் பயிற்சியாளர் வந்தார். தன்ஸீல் துள்ளுவதைப் பார்த்துவிட்டு, இப்படிக் குதித்தால் முழங்கால் ரொம்ப நாள் தாங்காது என்று சொல்லி, துள்ளலை எடுத்துவிட்டு நேராக ஓட வைத்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். முழங்கால் பிழைத்தது. பந்துவீச்சுதான் படுத்துவிட்டது. எங்கே கால் வைப்பது என்றே பையனுக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் கோட்டுக்கு ரொம்பப் பின்னால், மறுநாள் கோட்டைத் தாண்டி. ஊருக்கு வந்து பழகிப் பார்க்கலாம் என்றால் இங்கே சந்து சிமெண்டில் வழவழவென்று கிடந்தது.

துபாயில் அந்த அரையிறுதி. கடைசி ஓவர். தன்ஸீல் வீசிய பந்தில் நடு ஸ்டம்ப் எகிறிப் போய் விழுந்தது. ஷௌகத் கடை டிவி முன்னால் நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஷௌகத்தையே கட்டிக்கொண்டேன். அப்புறம்தான் நடுவர் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நோபால். அடுத்த பந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே போனது, கோப்பையும் கூடவே போனது. அந்த நேரம் ஷௌகத் கையில் கத்தி இருந்ததில், நாற்காலியில் இருந்தவரின் பாதி மீசை காணாமல் போயிருந்தது. அவரும் அழுதுகொண்டிருந்ததால் சண்டை வரவில்லை.

அதற்குப் பிறகு ஊர் அவனைப் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. தக்காளி விற்கிறவன்கூட, "கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னு வாங்குங்க பாய், தன்ஸீல் மாதிரி தாண்டாதீங்க" என்று வியாபாரம் செய்தான். நஸ்ரத் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். போன இடத்தில் பெண்கள் பிரியாணியைப் பரிமாறிக்கொண்டே, "உங்க புள்ளைக்குச் செருப்பு என்ன அளவுங்க?" என்று கேட்கிறார்களாம். டீமிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்துப் பயணத்துக்கு ஆள் எடுக்கப் போகிறோம், லாகூரில் நடக்கும் உள்ளூர்க் கோப்பை இறுதி ஆட்டத்தில் பார்க்கிறோம், அதிலும் இப்படியே வீசினால் இனி கூப்பிட மாட்டோம் என்று தேர்வாளர்கள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்கள்.

பையன் தினமும் மத்தியானம் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவான். லஸ்ஸி கொடுத்தால் தொட மாட்டான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, சித்தப்பா முறை வைத்து என்னைச் சாச்சா என்று கூப்பிடுகிறவன், இப்படிக் கல்லாட்டம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதையும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "குடிக்கலேன்னா எந்திரிச்சுப் போடா, கிராக்கி உக்காரணும்" என்று திட்டுவேன்.

அந்த நாளில்தான் செங்கல் ஏற்றிய ஒரு டிராக்டர் சந்துக்குள் நுழைந்தது. அமைச்சர் போட்ட சிலாப் எப்படிப்பட்டது என்று அன்றுதான் தெரிந்தது. என் வாசலில் சக்கரம் ஏறியதும் அப்பளம் மாதிரி நொறுங்கிச் சாக்கடைக்குள் போனது. அதிர்ச்சியில் என் தயிர்ச் சட்டி ஒன்று மேடை ஓரத்துக்கு நழுவி ஆடியது. நான் போட்ட கூச்சலில், ஷௌகத் கடையில் முடி வெட்டிக்கொண்டிருந்த தன்ஸீல் கழுத்துத் துணியோடு எழுந்து ஓடி வந்தான். வந்தவன் சாக்கடை ஓரத்தில் ஒரு துள்ளு துள்ளி, இந்தப் பக்கம் விழுந்து, அப்படியே சிலையாக நின்றுவிட்டான். சட்டி அவன் காலடியில் விழுந்து உடைந்தது.

"சாச்சா, பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒரு சட்டித் தயிரும் மண்ணுல."

"தயிரை விடுங்க சாச்சா. என் காலைப் பாருங்க. எங்க விழுந்திருக்கு பாருங்க."

பழைய இடத்தில்தான் விழுந்திருந்தது. அவன் திரும்பிப் போய் ஷௌகத்தின் சுவரிலிருந்து மறுபடி ஓடி வந்தான். அதே இடம். இன்னொரு தடவை. அதே இடம். மாதக்கணக்காகச் சிரிக்காத பையன், பாதித் தலை வெட்டியும் பாதித் தலை வெட்டாமலும் நின்று சிரித்தான்.

"சாச்சா, இதை மூடிடாதீங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ஏண்டா, இதை மூட நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? போற வர்ற கவுன்சிலர் கால்ல எல்லாம் விழுந்தவன்டா நான். நாளைக்கே புது சிலாப் போடச் சொல்லப் போறேன். முடியவே முடியாது."

"இறுதி ஆட்டம் வரைக்கும் மட்டும்."

"என் கடையில ஈ மொய்க்கும்."

"மொய்க்கட்டும் சாச்சா. நான் இங்கிலாந்து போகணும்."

அவன் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, சிறு பிள்ளையில் அந்தச் சாக்கடைக்குள்ளிருந்து கையை நீட்டினானே, அதே முகம். சிலாப் கொண்டு வந்த ஆளை நானே திருப்பி அனுப்பினேன். ஈ வந்தது. ஷௌகத்தின் வாயும் கூடவே வந்தது. ஆனால் தினமும் சாயங்காலம் தன்ஸீல் வீசுவதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஒரு பந்துகூடக் கோட்டைத் தாண்டவில்லை.

இறுதி ஆட்டம் நாள்கணக்கில் நடக்கிற ஆட்டம். ஆட்டம் தொடங்கிய முதல் நாள் டிவி முன்னால் உட்கார்ந்தோம். முதல் பந்தே நோபால். அடுத்த ஓவரில் இரண்டு. கேப்டன் அவனை எடுத்துவிட்டு எல்லைக் கோட்டருகே நிறுத்தினார். அங்கே நின்று அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைய ஆட்டம் முடிந்த கையோடு எனக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"சாச்சா, நடக்கல. சுண்ணாம்புல கோடு போட்டுப் பாத்தேன். கயிறு கட்டிப் பாத்தேன். துள்ளல் வரமாட்டேங்குது."

"ஏண்டா வரமாட்டேங்குது? நேத்து வந்துதே."

"இங்க புல்லு வாசனைதான் வருது. விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு என் காலுக்குத் தெரிஞ்சு போச்சு சாச்சா. அந்த நாத்தம் வேணும். கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?"

என்ன கேட்கிறான் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. புரிந்ததும் போனை வைத்துவிட்டேன். பிறகு நானே கூப்பிட்டு, "எவ்வளவு வேணும்?" என்று கேட்டேன்.

எதில் கொண்டு போவது என்பதுதான் பிரச்சினை. மைதானத்துக்குள் பாட்டில் விட மாட்டார்கள். வாளியில் எடுத்தால் வழியெல்லாம் சிந்தும், எந்த வேனிலும் ஏற்ற மாட்டான். இறுக்கமான மூடியோடு எங்கள் சந்தில் இருப்பது ஒன்றே ஒன்று. என் பெரிய பால் கேன். சிவப்புப் பெயின்ட்டில் என் பெயர் எழுதியது: 'பர்கத் அலி. கலப்படமில்லாத பால்.'

ஸுபைதா கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இதுல சாக்கடையைப் புடிக்கப் போறீங்களா? ஒரு கண்ணு பாத்தாப் போதும், அப்புறம் எவன் நம்ம கிட்ட பால் வாங்குவான்?"

"யாரும் பாக்க மாட்டாங்க. சாக்கு சுத்திடறேன்."

"ஷௌகத்து பாப்பான்."

பார்த்தான். விடியற்காலையில் நான் குனிந்து மொண்டுகொண்டிருக்கும்போது, பல் குச்சியைக் கடித்தபடி மேலே நின்றான்.

"இத்தனை வருஷம் ராத்திரியில செஞ்ச வேலைய இன்னைக்கு வெளிச்சத்துல செய்யற போல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பையனுக்குடா," என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் குச்சியைத் துப்பிவிட்டு, என் கையிலிருந்த குவளையைப் பிடுங்கினான்.

"மேலாப்புல மொண்டா நாத்தம் வராது. அடியிலேருந்து கலக்கி எடுக்கணும். தள்ளு."

லாகூர் வேனில் அந்தக் கேனை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வேன் ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் மூடி ஓரமாக ஒரு மூச்சு விடும். பயணிகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் ஒரு பெரியவர், நல்ல மனிதர், பாவம், எல்லோரும் அவரைத்தான் முறைத்தார்கள். நானும் முறைத்தேன். வேறு வழி?

மைதான வாசலில் காவலர் சாக்கை அவிழ்க்கச் சொன்னார். என் பெயரைப் படித்தார்.

"பாலா? டீக்கடைக்கா?"

இந்த ஒரு தடவை காப்பாத்து அல்லாவே என்று உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். அவர் மூடியைத் திறந்தார். முகம் போன போக்கைப் பார்த்ததும் தீர்ந்தது கதை என்று நினைத்தேன். அவர் கேனைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டிருந்த என் உதட்டைப் பார்த்தார், என் தாடியைப் பார்த்தார். குரல் தணிந்துவிட்டது.

"ஓதின தண்ணியா பெரியவரே? எந்த தர்கா?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"பேர் சொல்லக் கூடாதோ. சரி, சரி. யாருக்கு?"

"தன்ஸீலுக்கு."

"அவனுக்கு வேணும்தான்," என்றார் காவலர், மனதார. பிறகு தன் டீ டம்ளரை எடுத்து நீட்டினார். "என் மகளுக்குப் பரீட்சை. ஒரே ஒரு வாய் புடிச்சுக்கறேன், வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுக்கறேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. கேனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். "வாயில படவே கூடாது. இது காலுக்கு. காலுக்கு மட்டும்."

"காலுக்கா?" அவர் யோசித்தார். "எனக்கு முழங்கால் வலி உண்டு."

காற்சட்டையைச் சுருட்டிவிட்டு இரண்டு முழங்காலிலும் பயபக்தியோடு தடவிக்கொண்டார். அதோடு நிற்காமல், என்னைத் தானே கூட்டிப்போய் மைதானப் பராமரிப்பாளரிடம் ஒப்படைத்துக் காதில் ஏதோ சொன்னார். அந்த ஆள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஆட்டம் தொடங்குவதற்கு முன் தன் கையாலேயே தன்ஸீல் காட்டிய இடத்தில், கடைசி அடிக்கு முன்னால், ஒரு கோடாக ஊற்றினார். நான் பார்வையாளர் வரிசையில் முன்னால் உட்கார்ந்து, கேனைச் சாக்கில் சுற்றிக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டேன்.

தன்ஸீல் ஓடி வந்தான். ஊற்றிய கோட்டை நெருங்கும்போது அவன் மூக்கு சுருங்கியது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. கால் தரையை உதைத்தது. துள்ளினான். நோபால் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது கால். எதிரே நின்றவனின் ஆஃப் ஸ்டம்ப் கரகரவென்று சுழன்றுகொண்டு விக்கெட் கீப்பரிடம் போனது. நடுவர் மட்டும் இரண்டு முறை தன் ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் வரை அவன்தான் ஆடினான், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வெயில் ஏற ஏறக் கோடு காய்ந்தது. உணவு இடைவேளையில் ஒரு முறை ஊற்றினார்கள், தேநீர் இடைவேளையில் மீதியையும் ஊற்றினார்கள். கேன் காலி. எதிர் அணியில் கடைசி ஜோடி மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. அதுவும் ஓட்டங்களை எடுத்துக்கொண்டே போனது. லாகூர் வெயில் யாரை விட்டது? கோடு மறுபடி காய்ந்துவிட்டது. தன்ஸீல் ஓடி வந்தான், நோபால். மறுபடி ஓடி வந்தான், நோபால். மைதானம் கொல்லென்று சிரித்தது. மேலே கண்ணாடி அறையில் தேர்வாளர் ஒருத்தர் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

கேப்டன் பந்தை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு நடந்து வந்தார். தன்ஸீல் கொடுக்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினான். கண்டுபிடித்தான். இன்னும் இருக்கா என்று கையால் கேட்டான்.

இல்லை. ஒரு சொட்டு இல்லை. இருந்ததெல்லாம் வெறும் கேன்தான். டிவிக்காரன் கேமராவை எங்கள் பக்கம் திருப்பியிருப்பதும் தெரிந்தது. சாக்கை அவிழ்த்தால் என் பெயர் ஊர் பூரா தெரியும். ஸுபைதா சொன்னது காதில் ஒலித்தது. என் அப்பா காலத்துக் கடை. பால் விற்கிறவனுக்குப் பெயரைத் தவிர வேறு என்ன சொத்து இருக்கிறது? ஆனால் பையன் அங்கே நட்டநடுவில் தனியாக நின்றான்.

சாக்கை உருவி எறிந்தேன். கேனைத் தலைக்கு மேலே தூக்கி, மூடியைத் திறந்து, வாயை அவன் பக்கமாகச் சாய்த்துக் காட்டினேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலாபக்கமும் சிதறினார்கள். அதை அவன் பார்த்தான். அத்தனை பேர் முகத்திலும் அந்த ஈத் பெருநாளைப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். கேப்டனிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். ஓடி வந்தான். காய்ந்த தரையில், ஒன்றுமே இல்லாத இடத்தில், பாம்பைக் கண்டவன் மாதிரி துள்ளினான். கால் உள்ளே. மூன்று ஸ்டம்பில் இரண்டைக் காணோம்.

நான் கேனைத் தூக்கிப் பிடித்தபடியே அழுதேன். அதையும் டிவியில் காட்டினார்கள். பெரிய எழுத்தில், தெள்ளத்தெளிவாக, 'பர்கத் அலி. கலப்படமில்லாத பால்.'

காவலர் வாய் சும்மா இருக்குமா? அன்று சாயங்காலமே ஓதின தண்ணீர் என்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் விடிந்து கடையைத் திறந்தால், வாசலில் சந்து கொள்ளாத கூட்டம். கையில் பாட்டில், தூக்கு, கூஜா. தண்ணி குடுங்க பெரியவரே என்று ஒரே பேச்சு. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. என் பெயர் அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கும், அதற்கு மேலும் உயர்ந்திருக்கும். அப்போது முன்வரிசையில் ஒரு தாய், நடக்க வராத தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஒரு மடக்கு போதும் பாய், குடிக்க வெச்சுப் பாக்கறேன்" என்றாள்.

மேடைமேல் ஏறி நின்றேன். "யாரும் எதையும் குடிக்கக் கூடாது. அது ஓதின தண்ணி இல்ல. அது இதோ, இந்தச் சாக்கடைத் தண்ணி. என் கையால மொண்டது. என் பால் கேன்ல கொண்டு போனது."

எல்லோரும் சாக்கடையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு அந்தக் கூட்டம் கலைந்தது. அதோடு என் வாடிக்கைக்காரர்களும் கலைந்தார்கள். ஸுபைதா கேனைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள், வெயிலில் காயவைத்தாள். கேன் பளபளத்தது. வாங்கத்தான் ஆளில்லை. மிஞ்சிய பாலையெல்லாம் கோவா கிண்டினேன். கோவாவையும் எவனும் வாங்கவில்லை. ஷௌகத் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சும்மா இருந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இங்கிலாந்துக்குப் போகிற டீமில் தன்ஸீல் பெயர் வந்தது. கிளம்புகிற அன்று சந்தே திரண்டிருந்தது. அவன் டீம் கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு வந்து, வழக்கம்போலச் சாக்கடையை ஒரு துள்ளு துள்ளித் தாண்டி, நேராக என் கடை மேடையில் ஏறினான். தட்டில் இருந்த லஸ்ஸியை நீட்டினேன். தள்ளிவிட்டான்.

"பால் குடுங்க சாச்சா. அந்தக் கேன்லேருந்து."

"வேற கேன்ல இருக்குடா, நல்ல பால்."

"அந்தக் கேன்லேருந்து."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஸுபைதா உள்ளேயிருந்து அந்தக் கேனை இழுத்து வந்து, காலையில் கறந்த பாலை அதில் ஊற்றினாள். தன்ஸீல் குவளை வாங்கவில்லை. கேனையே இரண்டு கையாலும் தூக்கி, தலையைச் சாய்த்து, கடகடவென்று குடித்தான். தாடையில் வழிந்தது, டையில் வழிந்தது, அவன் நிறுத்தவில்லை. நஸ்ரத் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

எதிர்சாரியிலிருந்து ஷௌகத் இறங்கி வந்தான். சவர நுரை வைக்கிற கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கையில் பிடித்திருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். நின்ற இடத்திலேயே குடித்தான், கடைசிச் சொட்டு வரை. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு யோசித்தான். சந்து முழுக்க அவன் வாயையே பார்த்தது.

"கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கு," என்றான். பிறகு கிண்ணத்தை மறுபடி நீட்டினான். "வீட்டுக்கும் ஊத்து."

அவன் பின்னால் வரிசை நின்றது. அன்று நான் சண்டைக்குப் போகவில்லை.

சாக்கடை இன்னும் திறந்துதான் கிடக்கிறது. புது கவுன்சிலர் மூடித் தருகிறேன் என்று இரண்டு முறை வந்தார். பையன் தொடர் முடிந்து ஊருக்கு வருவான், பழக வேண்டும், போய் வேறு சந்தைப் பாருங்கள் என்று விரட்டிவிட்டேன். நாற்றம் தாங்கவில்லைதான். உங்களுக்கும் அடிக்கிறதா? மூக்கை மூடிக்கொண்டு உங்கள் கையில் இருக்கிற பாலைக் குடியுங்கள். அதில் தண்ணீர் கிடையாது.